குளமும் கூட்டுரிமையும்: உலர்வலயப் பொருளாதாரத்தின் பிரதேச அடிப்படை

ஒரு பிரதேசத்தின் பொருளாதாரத்தை நிருவாக எல்லைகளுக்கு அமைய அன்றி, அப்பிரதேசத்தின் நீர், நிலம், காடு ஆகியவற்றின் இயற்கை எல்லைகளுக்கு அமைய ஒழுங்குபடுத்தல் வேண்டும் என்னும் கருத்து அண்மைக்காலச் சூழலியற் சிந்தனையில் வலுப்பெற்றுள்ளது. ஆற்று வடிநிலத்தையே திட்டமிடலின் அலகாகக் கொள்ளல் வேண்டும் என்பர் இக்கருத்தினர். இதில் உண்மை உண்டு. ஆயின் இலங்கையின் உலர்வலய வரலாற்றை நோக்குமிடத்து, எல்லையை நீர் வரைந்தால் மாத்திரம் போதாது என்பது புலனாகும். அந்நீர்மீது உரிமை யாருக்கு, அதனைப் பேணும் உழைப்பு யாருடையது, அதுபற்றித் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்களே முடிவில் முதன்மை பெறுகின்றன. இதனை வரலாற்று ஆதாரங்கொண்டு விளக்குவதே எமது நோக்கமாகும்.

முதலில் இயற்கை நிலைமையை நோக்குவோம். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர்வலயமாகும். இங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிற் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலத்தின் பெரும்பாகம் வரட்சியே. வலயத்தின் பெரும்பகுதியில் நிலத்தின் அடியிற் கடும்பாறை காணப்படுதலால் நிலத்தடி நீரும் அதிகமில்லை. எனவே மழைநீரைத் தேக்காது நிலையான நெற்செய்கையோ நிலையான குடியிருப்போ சாத்தியமன்று. ஆழமற்ற பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண்ணால் கட்டெழுப்பி அமைத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் இத்தேவையின் விளைவாகும்.

இக்குளங்கள் தனித்தனியே நிற்பவையல்ல. மேற்குளம் வான் பாயும்போது வெளியேறும் நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் அடுத்த குளத்தைச் சேரும். அதிலிருந்து அதற்கடுத்த குளத்தைச் சேரும். ஒரே நீர் பலமுறை பயன்படும். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இத்தொடரமைப்பினை ஒரு முழுமையான சூழல் அலகாக ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டார. குளத்தின் மேற்புறத்தே உள்ள மரச்செறிவு காற்றைத் தடுத்து நீர் ஆவியாதலைக் குறைக்கும். நீர் வரும் வழியிலுள்ள புற்றரை வண்டலை வடித்து நிறுத்தும். கட்டின் கீழ்ப்புறத்தே விடப்படும் மரஞ்செறிந்த நிலம், கசிந்துவரும் நீரின் உவர்த்தன்மை வயலை அடையாவண்ணம் காக்கும். குளம், வயல், குடியிருப்பு, சேனை, காடு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கிநின்ற ஒரே பொருளாதாரமாக இருந்தன. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இவ்வமைப்பினை உலக முக்கியத்துவம் வாய்ந்த கமத்தொழில் மரபுரிமையாக அங்கீகரித்தமை குறிப்பிடத்தக்கது.

இனி, இவ்வமைப்பினை இயக்கிய சமூக நிறுவனத்தை நோக்குவோம். நீர்ப்பாசன வேலைகளே கீழைத்தேயங்களிற் சர்வவல்லமை படைத்த அரசினைத் தோற்றுவித்தன என 1957இல் வெளிவந்த தமது நூலில் விற்போகல் வாதிட்டார். அனுராதபுர மாவட்டத்துப் புல் எலிய என்னும் கிராமத்தில் 1954இற் களஆய்வு செய்த எட்மண்ட் லீச் இக்கருத்தினை மறுத்தார். பெருங்குளங்களையும் நெடுங்கால்வாய்களையும் அமைக்க மன்னரின் அதிகாரம் தேவைப்பட்டிருக்கலாம். ஆயின் கிராமக் குளத்தை அமைக்கவும் பேணவும் கிராமத்தவரின் உழைப்பே போதுமானதாயிருந்தது. வயல் பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தது. பங்கின் அளவுக்கேற்ப நீரும் கிடைத்தது. கட்டினைத் திருத்தும் கடமையும் அதே அளவினதாயிற்று. நீர் குறைந்த போகத்தில் குளத்தை அண்டிய வயற்பகுதியை மாத்திரம் செய்கைபண்ணி, அதனை எல்லாப் பங்காளரும் தத்தம் பங்குக்கேற்பப் பகிர்ந்துகொள்வர். சிங்களத்தில் இது ‘பெத்ம’ எனப்படும். பங்கு என்னும் சொல் இரு மொழியினர்க்கும் பொதுவாயிருத்தல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இக்கிராமத்தைப் பொற்காலச் சமத்துவ சமூகமாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பங்கு உடையவனுக்கே நீரும் குரலும் இருந்தன. பங்கற்றோர் அவ்வொப்பந்தத்துக்குப் புறம்பானவர். புல் எலிய ஒரே சாதியினர் வாழ்ந்த கிராமம். யார் பங்காளராகலாம் என்பதைச் சாதியும் மணவுறவும் நிர்ணயித்தன. மட்டக்களப்புப் பிரதேசத்தில் வயல்களின் நீர்ப்பங்கீட்டை வட்டை விதானை மேற்பார்வை செய்தார். அங்கு பெருநிலம் போடிமாரிடம் இருந்தது; வயலில் உழைத்தோர் அவர்களைச் சார்ந்தே வாழ்ந்தனர். கூட்டுரிமை என்பது அனைவரதும் உரிமையாக ஒருபோதும் இருந்ததில்லை. அதன் எல்லைக்குள் இருந்தோரிடையே உரிமையும் கடமையும் பிணைக்கப்பட்டிருந்தன என்பதே அதன் சிறப்பு.

இப்பிணைப்பினையே குடியேற்ற ஆட்சி அறுத்தது. பெருங்குளங்கள் பலவற்றின் சிதைவு 13ஆம் நூற்றாண்டளவிலேயே தொடங்கிவிட்டது என்பது உண்மை. ஆயின் கிராமக் குளங்கள் அதன் பின்னரும் இயங்கின. கொலபுறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தமை முற்போக்கானதே. ஆயினும் அதனோடு கூடவே குளத்தைத் திருத்துமாறு ஒருவரைக் கட்டுப்படுத்தும் வழக்கதிகாரமும் வலுவிழந்தது. அதன் இடத்தை நிரப்பப் புதிய நிறுவனம் எதுவும் தோற்றுவிக்கப்படவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படும் வரை காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. கிராமத்தவர் சேனை செய்த காடும், மேய்ச்சல் நிலமும், குளத்தின் நீரேந்து பரப்பும் இவ்வகையில் அவர்களது சட்டபூர்வமான ஆளுகைக்குப் புறம்பாயின. குளம் ஓரிடத்தும் அதற்கு நீர்தரும் காடு வேறொருவர் கையிலும் ஆயிற்று.

இதன் விளைவினை ஆட்சியாளரே உணர்ந்தனர். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், நெற்செய்கை தொடர்பான பண்டை வழக்கங்களை மீள நிலைநாட்டுதற்கென நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் அது மீட்க முயன்றது கடமையையே. காட்டின் மீதான உரிமையை அன்று. அத்துடன் நெல்வரி 1892 வரை நீடித்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் அமைக்கப்பட்டபின் நீர் மென்மேலும் பொறியியலாளரின் பொறுப்பாயிற்று.

சுதந்திரத்தின் பின்னர் ஆற்று வடிநிலம் பெரிய அளவில் திட்டமிடலின் அலகாயிற்று. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையினை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய ஆறு அது. ஏட்டளவில், ஒரு பிரதேசத்தின் பொருளாதாரத்தை அதன் ஆற்றினைச் சுற்றி அமைக்கும் கொள்கையே இங்கும் பின்பற்றப்பட்டது. நடைமுறையில் நீரும் நிலமும் அரசினால் வழங்கப்படுவனவாயின. யார் குடியேறுவது என்பதைக் கொழும்பு தீர்மானித்தது. ஆற்றின் கீழ்ப்புறத்தே தொன்றுதொட்டு வேளாண்மை செய்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அத்தீர்மானத்தில் இடமிருக்கவில்லை. 1956இல் அங்கு தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல் இவ்வாறான குடியேற்ற அரசியலினின்று பிரித்து நோக்கத்தக்கதன்று. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான மகாவலி அதிகார சபைக்கோ இன்னும் விரிந்த அதிகாரங்கள் கிடைத்தன.

இதற்கிடையே பிலிப் குணவர்த்தன 1958இற் கொணர்ந்த நெற்காணிச் சட்டம் வேறொரு திசையைக் காட்டியது. அது விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு அளிக்க முயன்றது. பழைய கூட்டுரிமையின் குறையாகிய பங்கற்றோர் பிரச்சினையைத் தொட்ட முயற்சி இதுவெனலாம். ஆயின் நிலவுடைமையாளர் குத்தகையாளர் பலரை வெளியேற்றினர். குழுக்களுக்குப் போதிய நிதியும் அதிகாரமும் கிடைக்கவில்லை.

கல்லோயாவே பின்னர் மற்றொரு பாடத்தையும் தந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் சீர்குலைந்திருந்த நிலையில், 1981 முதல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அங்கு விவசாயிகளை ஒழுங்கமைக்கும் திட்டமொன்றை மேற்கொண்டன. ஒரே வயற்கால்வாயில் நீர்பெறும் சிலர் சேர்ந்த சிறு குழுவே அதன் அடிப்படை அலகு. கால்வாயின் தலைப்பில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர், கடைப்பகுதியில் தமிழர். நீர் அரிதாயிருந்த காலத்திலும் விவசாயிகள் தம் கையாற் கால்வாயைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர் பாய்ச்சி, கடைநிலத்தோருக்கும் நீர் சேரச் செய்தனர். இத்திட்டத்தில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹொப் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளார். நாட்டில் இனமுரண்பாடு கூர்மையடைந்த ஆண்டுகள் அவை. இயற்கை அமைப்பு மாறவில்லை. ஆறும் அதே ஆறு. தீர்மானிக்கும் உரிமை கால்வாய்க் கரைக்கு வந்தபோதே மாற்றம் நிகழ்ந்தது.

இவ்வினா இன்றும் எம்முன் நிற்கின்றது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010ஆம் ஆண்டுக்குப் பின் முன்னெடுக்கப்பட்டபோது கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தின் தாகமும் உண்மை; சிறுபோகத்துக்கு நீரின்றி வாடும் வயலும் உண்மை. ஈற்றிற் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேடப்பட்டது. ஒரே மொழி பேசுவோரிடையேயும் நீரைப் பகிர்தற்கு இருதரப்பும் நம்பத்தக்க பொது நிறுவனம் இன்றேல் உடன்பாடு அரிது என்பதை இது உணர்த்துகின்றது.

எனவே இயற்கை அமைப்பினைச் சார்ந்த பிரதேசப் பொருளாதாரத்தை வேண்டுவோர் மூன்றினை ஒருங்கே வேண்டுதல் அவசியம். குளத்தோடு அதன் நீரேந்து காடும் ஒரே பொறுப்பின்கீழ் வருதல் வேண்டும். நீரைப் பயன்படுத்துவோரே அதனைப் பேணுவோராகவும் அதுபற்றித் தீர்மானிப்போராகவும் இருத்தல் வேண்டும். நிலமற்றோரும் பெண்களும் அத்தீர்மானத்திற் பங்காளராதல் வேண்டும். முதலிரண்டும் எமது மரபில் ஒருகாலத்தில் இருந்தவை, அவற்றை மீட்கலாம். மூன்றாவது எமது மரபில் என்றும் இருந்ததில்லை. அதனை நாமே ஆக்குதல் வேண்டும்.