ஒரே தடை, இரண்டு சட்டமன்றங்கள்

1956 அக்டோபர் வரை கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்குப் போனது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கோயிலில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்ற தடை இந்த ஊருக்கு இரண்டு முறை வந்தது. 1950-இல் சென்னைச் சட்டமன்றமும் 1959-இல் மைசூர்ச் சட்டமன்றமும் அதை இயற்றின. சாரம் ஒன்றுதான். பின்னால் நடந்தது வேறு வேறு.

சென்னைச் சட்டத்தை நிறைவேற்றிய அவை 1946 தேர்தலில் அமைந்தது. சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் அன்று வாக்கு. குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொள்ளும் கூலிக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே இல்லை. சட்டம் ஏட்டில் கிடந்தது, கிடாவெட்டு நடந்துகொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்புடன் அமல்படுத்தச் சொன்னது, கிராமங்கள் கொதித்தன. 2004 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், சட்டமே நீக்கப்பட்டது. வாக்குக்குப் பயந்துதான் என்று குறை சொன்னார்கள். பயந்திருந்தால் நல்லதுதான், 1950-இல் அந்தப் பயத்துக்கே இடம் இருக்கவில்லை.

மைசூர்ச் சட்டத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எல்லாருக்கும் வாக்கு வந்த பிறகு அமைந்த அவை இயற்றியது அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பழைய கொள்ளேகால் தாலுகாவுக்குள்ளேயே இரண்டு வழிபாடுகள் உண்டு. மாதேஸ்வரன் மலையில் இருப்பது சைவச் சாமி. சிக்கல்லூரிலோ மண்டேசுவாமியின் சீடர் சித்தப்பாஜிக்கு ஜனவரிப் பௌர்ணமியில் தொடங்கி ஐந்து நாள் ஜாத்திரை. அங்கே பங்க்தி சேவை என்றால் கூட வந்த உறவுக்காரர்களுக்குக் கறி சமைத்து, வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவது. தலித்துகளும் பிற எளிய சாதியாரும் பெருந்திரளாக வருவார்கள். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மாவட்ட நிர்வாகம் அங்கே தடை போட, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. “இது பலி இல்லை, எங்கள் சாப்பாடு” என்பது பக்தர்கள் தரப்பு வாதம்.

இந்த வாதம்தான் என்னை வருத்துகிறது. சாமிக்குப் படைப்பதும் சேர்ந்து உண்பதும் அவர்களுக்கு ஒன்றேதான். சட்டத்துக்குத் தப்ப அதில் ஒரு பாதியைப் பக்தி இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்தருக்கு அந்த நெருக்கடி இல்லை.

உயிர்வதை கூடாது என்று நினைப்பவர்களின் இரக்கம் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சட்டங்கள் அந்த இரக்கத்திலிருந்து மட்டும் பிறந்ததாகத் தெரியவில்லை. அதே ஆட்டைக் கறிக்கடையில் வெட்டினால் இந்தச் சட்டம் கேட்காது. சாமி முன் வெட்டினால்தான் கேட்கும். அப்படியானால் அது காப்பது ஆட்டை அல்ல, சாமி எதை ஏற்கலாம் என்று ஒரு தரப்பார் கொண்ட நம்பிக்கையை. நாடாளுமன்றம் 1960-இல் கொண்டுவந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவோ, ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. எந்த மதம், எந்தச் சாதி என்று அது பார்க்கவில்லை.

இரக்கம்தான் நோக்கம் என்றால், வெட்டும் முறைக்கும் ஆடுகளை ஏற்றிச் செல்லும் முறைக்கும் கறிக்கடை, கோயில் இரண்டிலும் ஒரே விதி வரட்டும். சிக்கல்லூர்க்காரர்கள் அதற்கு மறுப்புச் சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கேள்வியைக் கர்நாடகச் சட்டமன்றம்தான் எடுத்துப் பேச வேண்டும்; ஆண்டுதோறும் அதை மாவட்ட ஆட்சியரின் தலையிலும் காவலரின் தலையிலும் கட்டுவது சரியல்ல.