ரெட்ஃபேர்ன் பூங்காவில் ஒரு ‘நாங்கள்’

1992 டிசம்பர் 10. சிட்னியின் ரெட்ஃபேர்ன் பூங்கா. ஐ.நா. அறிவித்திருந்த உலகப் பழங்குடி மக்கள் ஆண்டை (1993) அவுஸ்திரேலியாவில் தொடக்கி வைக்கப் பிரதமர் போல் கீட்டிங் வந்திருந்தார். வழமையான அரச விழாதான், ஆனா இடம் அப்படியில்லை. பழங்குடி மக்கள் தங்களுக்கென்று சட்ட உதவிச் சேவையை 1970இலும் மருத்துவச் சேவையை 1971இலும் தொடங்கினது ரெட்ஃபேர்னில்தான். அரசியல்வாதிகளின் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று நல்லாத் தெரிந்த சனம். கீட்டிங் பேசத் தொடங்கேக்க கூட்டத்தில ஒரே சலசலப்பு. ஒலிப்பதிவைக் கேட்டால் விளங்கும்.

பிறகு அந்தச் சத்தம் மாறுது. பிரச்சினை எங்களில், அதாவது பழங்குடியல்லாதவர்களில்தான் தொடங்குது என்கிறார் அவர். காணிகளைப் பறித்தது நாங்கள், வாழ்க்கைமுறையை உடைத்தது நாங்கள், நோயையும் மதுவையும் கொண்டுவந்தது நாங்கள், கொலைகளைச் செய்தது நாங்கள், தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்தது நாங்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கிறார். இப்ப கேட்கிறது கைதட்டல்.

ஆங்கிலத்தில நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்தான். தமிழில சொல்லுறதென்றால் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேணும். “நாம் பறித்தோம்” என்றால் பறிகொடுத்தவையும் அதுக்குள்ள வந்துவிடுவினம். “நடந்தது நடந்துபோச்சு, நாம் எல்லாரும் முன்னால போவம்” என்று அரசுகள் சொல்லுறது எப்பவும் அந்த நாம்தான். கீட்டிங் பாவித்தது நாங்கள். நாட்டின் எதிர்காலத்துக்கு வரேக்கதான் நாமுக்கு மாறுறார். உரையின் பலம் இந்த ஒழுங்கில இருக்கு என்பது என்ர எண்ணம். இவ்வளவுக்கும் அது மன்னிப்புக் கோரின உரை இல்லை. குற்றவுணர்வால் பெரிய பயனில்லை என்றுகூடச் சொன்னார். எனக்கு இப்படிச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டுப் பார்க்கேல்லை என்பதுதான் அவரின் குற்றச்சாட்டு.

இந்தப் பேச்சுக்குப் பின்னால ஒரு தீர்ப்பு இருந்தது. அதே ஆண்டு ஜூன் 3இல், வெள்ளையர் வரும்வரை அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற பொய்யை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் தோழர்களும் பத்து வருடம் நடத்தின வழக்கு. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துபோனார், தீர்ப்பைக் கேட்கேல்லை. 1993 முடியுமுன் பூர்வீக உரிமைச் சட்டம் நிறைவேறியது. உரையை எழுதினது கீட்டிங்கா அவரின் எழுத்தாளர் டொன் வொட்சனா என்று பின்னால பெரிய சண்டை. அது அவையின்ர பாடு.

1996இல் ஆட்சிக்கு வந்த ஜோன் ஹோவர்ட் இந்த மாதிரி வரலாற்றைத் துக்கப்பட்டி கட்டின பார்வை என்று ஒதுக்கினார், 1998இல் அந்தச் சட்டத்தையும் நலிவாக்கினார். பறிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வந்தும் பிரதமராக மன்னிப்புக் கேட்க மறுத்தார். 2008 பெப்ரவரி 13இல் கெவின் ரட் பாராளுமன்றத்தில் கேட்டார். ரெட்ஃபேர்ன் இல்லாமல் அந்த நாள் வந்திருக்குமோ தெரியாது.

ஆனா கீட்டிங்கைச் சிலையாக்க வேண்டாம். அதே உரையில், போருக்கும் அடக்குமுறைக்கும் தப்பி வந்த ஆசிய அகதிகளையும் ஏற்ற நாடு இது என்று பெருமைப்பட்டார். படகில வந்தவர்களைக் கட்டாயமாக அடைத்து வைக்கிற சட்டத்தை அவரின் அரசு கொண்டுவந்ததும் 1992இல்தான். பின்னால எத்தனை ஈழத்தமிழர் அந்த முகாம்களில வருடக்கணக்காக இருந்தவை!

காவலில் நடந்த 99 மரணங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1991இல் 339 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதுக்குப் பிறகும் 500க்கு மேற்பட்ட பழங்குடியினர் காவலில் இறந்திருக்கினம். அவர்களின் குரலுக்கு அரசியலமைப்பில் ஓர் ஆலோசனை அவை கேட்ட 2023 ஒக்டோபர் 14 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 60 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. அங்க பிரஜைகளுக்கு வாக்களிப்பு கட்டாயம். மெல்பேர்னிலும் சிட்னியிலும் இருக்கிற எங்கட மாமாமார், மச்சாள்மாரும் அண்டைக்கு வாக்குப் போட்டவைதான். அடுத்த முறை தொலைபேசி எடுக்கேக்க கேட்டுப் பாருங்கோ, எதுக்குப் போட்டவை என்று.