உளவைப் பற்றிப் பேசிய மாநாடுகள்

உளவு, எதிருளவு, நாட்டுப் பாதுகாப்பு ஆகிய பொருள்களில் அறிஞர்கள் கூடி நடத்தும் மாநாடுகளுக்கு வயது ஏறத்தாழ ஐம்பதுதான். உளவுத்தொழில் அரசாட்சியைப் போலவே பழையது. ஆனால் அதை ஆவணங்களை வைத்து ஆராய்ந்து, கட்டுரை வாசித்து, மறுத்துப் பேசி, தொகுதியாக அச்சிடும் வழக்கம் 1970களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. துறை எவ்வளவு இளையது என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. உளவியல் என்ற சொல்லை மனத்தைப் பற்றிய அறிவியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டதால், உளவைப் பற்றிய ஆய்வுக்கு இன்றுவரை ஒற்றைச் சொல் வாய்க்கவில்லை.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஆள் பஞ்சம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் உளவுப் பணிக்கு மூளையாக இருந்தவர்களில் பலர் பேராசிரியர்களே. அமெரிக்காவில் 1942-ல் உருவான ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பின் ஆய்வுப் பிரிவை ஹார்வர்டு வரலாற்றாசிரியர் வில்லியம் லாங்கர் நடத்தினார். அவரிடம் பணியாற்றியவர்களில் யேல் பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் கென்ட் ஒருவர். பிரிட்டனில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க், கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களாலும் மொழிப் புலவர்களாலும் நிரம்பியிருந்தது. பிடிபட்ட ஜெர்மானிய ஒற்றர்களை மனம் மாற்றி, அவர்கள் வழியாகவே பெர்லினுக்குப் பொய்த் தகவல் அனுப்பிய குழுவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஜே.சி. மாஸ்டர்மன் தலைவர். அந்தக் குழுவின் பெயர் ‘இருபது’. ரோமானிய எண்ணில் இருபது என்பது இரண்டு பெருக்கல் குறிகள். ஆங்கிலத்தில் அது இரட்டை வஞ்சகத்தையும் குறிக்கும். போர் முடிந்ததும் இவர்களில் பெரும்பாலோர் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். தாங்கள் நேரில் பார்த்த வரலாற்றை விட்டுவிட்டு மற்ற எல்லா வரலாற்றையும் கற்பித்தார்கள். பிளெட்ச்லியில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வேலை பார்த்தும், முப்பது ஆண்டுகள் விஷயம் வெளியே கசியவில்லை.

அமெரிக்காவில் கென்ட் வேறு வழி பிடித்தார். உளவுத் தகவலைப் பகுத்தாய்வதை ஓர் அறிவுத்துறையாகவே விளக்கி 1949-ல் ஒரு நூல் எழுதினார். பிறகு சி.ஐ.ஏ.வில் சேர்ந்து, 1955-ல் நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். முதல் இதழில் அவருடைய ஆதங்கம் ஒன்றுதான்: மற்றத் தொழில்களுக்கெல்லாம் சேர்ந்து வளரும் ஓர் எழுத்து மரபு இருக்கிறது, இந்தத் தொழிலுக்கு மட்டும் இல்லை. குறை நியாயமானது. ஆனால் இதழ் ரகசிய முத்திரையோடுதான் வந்தது. படித்தவர் வெளியில் மேற்கோள் காட்ட முடியாது, வெளியில் இருந்தவர் படிக்கவே முடியாது. அதிலிருந்து ஒரு பகுதிக் கட்டுரைகள் பொதுமக்கள் பார்வைக்கு வர 1990கள் ஆயின.

மூடியைத் திறந்தது ஓய்வுபெற்றவர்களின் பிடிவாதம். போர் முடிந்த 1945-லேயே தம் குழுவின் செயல்பாட்டை அறிக்கையாக எழுதி ஒப்படைத்திருந்த மாஸ்டர்மன், அதை வெளியிடப் பிரிட்டிஷ் அரசிடம் நெடுங்காலம் மன்றாடினார். இசைவு கிடைக்காத சலிப்பில் கையெழுத்துப் பிரதியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1972-ல் வெளியிட்டது. லண்டன் அதற்குள் வேறு வழியின்றிச் சில பகுதிகளை நீக்கி இணங்கியிருந்தது. இரண்டே ஆண்டில், 1974-ல், விமானப்படை அதிகாரி எஃப்.டபிள்யூ. விண்டர்போதம் எனிக்மா ரகசியத்தைப் புத்தகமாக எழுதினார். நினைவிலிருந்து எழுதியதால் பிழைகள் மலிந்த நூல். எனிக்மாவை முதலில் 1932-லேயே உடைத்த போலந்துக் கணிதவியலாளர்களுக்கு உரிய இடம்கூட அதில் இல்லை. ஆனாலும் அந்த நூல் வந்த பிறகு, இரண்டாம் உலகப் போரைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட படைத்துறை வரலாறு முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

அப்படிச் சரிபார்க்கக் கூடிய முதல் பெரிய சபை ஜெர்மனியில் நடந்தது. 1978 நவம்பரில் பான், ஸ்டுட்கார்ட் நகரங்களில், போர்க்கால வானொலி ஒட்டுக்கேட்பைப் பற்றிய அந்த மாநாட்டைக் கடற்போர் வரலாற்றாசிரியர் யூர்கன் ரோவர், எபர்ஹார்ட் யெக்கல் என்பவரோடு சேர்ந்து கூட்டினார். ரோவர் அட்லாண்டிக் நீர்மூழ்கிப் போரில் ஊறியவர். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கப்பட்டதற்கு ரேடாரும் வானொலி வரும் திசையைக் கண்டறியும் கருவிகளுமே காரணம் என்றுதான் 1974 வரை அவர் உட்பட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தனர். போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸ், தங்கள் சங்கேதம் உடைந்துவிட்டதா என்று பலமுறை விசாரிக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் ‘வாய்ப்பே இல்லை’ என்றுதான் நிபுணர்கள் கையெழுத்திட்டார்கள்.

உளவு வரலாறு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு ஸ்டுட்கார்ட் ஓர் அளவுகோல் ஆனது. முன்பு ஒருவரையொருவர் ஒட்டுக்கேட்ட இரு தரப்பும் இப்போது ஒரே மேசையில் உட்கார்ந்தன. பிரிட்டிஷார் எனிக்மாவைப் படித்தது கதையின் பாதிதான். ஜெர்மானியக் கடற்படையின் ஒட்டுக்கேட்புப் பிரிவும் நேச நாட்டுக் கப்பல் அணிகளின் சங்கேதத்தை 1943 நடுப்பகுதி வரை படித்துக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளின் எனிக்மா இயந்திரத்தில் நான்காவது உருளை சேர்க்கப்பட்டதும், பிளெட்ச்லி பத்து மாதம் கண்கட்டிய நிலையில் கிடந்தது. இரு தரப்பு நாள்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், எந்த வாரம் யாருக்குக் கண் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பது துலங்கியது. போலந்துக்காரர்களின் பங்கும் விரிவாக விவாதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கட்டுரைகள் நூலாயின. அதே 1979-ல் பிளெட்ச்லியில் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எஃப்.எச். ஹின்ஸ்லியின் தலைமையில் பிரிட்டனின் அதிகாரபூர்வ உளவு வரலாறும் முதல் தொகுதி கண்டது.

அமெரிக்காவில் உந்துதல் பழைய போரிலிருந்து வரவில்லை, முறைகேடுகள் அம்பலமானதிலிருந்து வந்தது. 1975-76-ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, சி.ஐ.ஏ.யின் கொலைத் திட்டங்களையும் உள்நாட்டு வேவுகளையும் வெளியே கொண்டுவந்தது. விவாதம் கல்வியுலகுக்கும் பரவியது. 1979-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ராய் காட்சன் தொடங்கிய ஆய்வுக் கூட்டமைப்பு, வாஷிங்டனில் அடுத்தடுத்துக் கருத்தரங்குகள் நடத்தி ஏழு தொகுதிகள் வெளியிட்டது. அவற்றில் ஒன்று, 1980-ல் வந்தது, முழுக்க எதிருளவுக்கானது. எதிரியின் ஒற்றனைத் தன் வீட்டுக்குள் தேடும் வேலை அது. கோப்புகள் மிகக் கடைசியில் திறக்கும் பகுதியும் அதுவே. அதனால் அந்த அமர்வுகளில் ஆவணத்தைவிட அனுபவமே அதிகம் பேசியது. ராய் காட்சனின் வட்டம் உளவு அமைப்புகளுக்குப் பலம் சேர்க்கவேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தது என்பதையும் அந்தத் தொகுதிகளைப் படிப்பவர் மறக்கக் கூடாது.

சர்ச் குழுவின் அறிக்கையில் இருந்த இன்னொரு தகவல் பல்கலைக்கழகங்களை நேரடியாகத் தொட்டது: பல நூறு அமெரிக்கக் கல்வியாளர்களைச் சி.ஐ.ஏ. பயன்படுத்தி வந்தது. உளவு நிறுவனம் மாநாட்டுக்குப் பணம் கொடுப்பதும் புதிதல்ல. கொரியப் போர் மூண்ட மறுநாள், 1950 ஜூன் 26-ல், பெர்லினில் கூடிய பண்பாட்டுச் சுதந்திர மாநாட்டுக்குச் சி.ஐ.ஏ. மறைவாகச் செலவழித்தது, 1960களின் பிற்பகுதியில்தான் அது அம்பலமானது. அதன் இந்தியக் கிளைக் கூட்டம் தில்லியில் நடக்கவிருந்து, நேரு அரசு விரும்பாததால் 1951-ல் பம்பாய்க்கு மாறியது.

இந்தப் பின்னணியில்தான் 1985-ல் ஹார்வர்டு விவகாரம் வெடித்தது. அங்கே மத்தியகிழக்கு ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த நடாவ் சஃப்ரான், இஸ்லாத்தையும் அரசியலையும் பற்றி அக்டோபரில் ஒரு மாநாடு கூட்டினார். அதற்குச் சி.ஐ.ஏ. 45,700 டாலர் தந்திருந்தது. அழைக்கப்பட்டவர்களுக்கு அது தெரியாது. சேதி வெளியானதும் பலர் வர மறுத்தார்கள். மத்தியகிழக்கு நாடுகளிலிருந்து வரவிருந்த அறிஞர்களுக்கு இது வெறும் மான அவமானப் பிரச்சினை அல்ல, ஊர் திரும்பினால் ஒற்றன் என்ற பட்டம் காத்திருக்கும். மாநாடு நடந்தது, விசாரணையும் நடந்தது. சஃப்ரான் மைய இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்ற விதி ஹார்வர்டில் ஏற்கெனவே இருந்ததுதான் இதில் வேடிக்கை.

1980களின் நடுவில் துறைக்குத் தேவையான சட்டிபானைகள் எல்லாம் வேகமாகச் சேர்ந்தன. அரசதந்திர வரலாற்றில் உளவு என்னும் பரிமாணம் விடுபட்டிருக்கிறது என்று வாதிட்ட கட்டுரைத் தொகுப்பை கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூவும் டேவிட் டில்க்ஸும் 1984-ல் கொண்டுவந்தனர். கனடாவில் 1985-ல் உளவு ஆய்வுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1986-ல் இரண்டு ஆய்விதழ்கள் பிறந்தன. ஒன்றின் ஆசிரியர்களான ஆண்ட்ரூவும் மைக்கேல் ஹேண்டலும் வரலாற்றையும் படைத்துறைச் சிந்தனையையும் இணைத்தார்கள். ஹேண்டல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் உள்ள அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரியில் நடத்திய மாநாடுகள் பல நூல்களாயின. 1993-ல் ஜெர்மனியில் உளவு வரலாற்றுக்கென்றே பன்னாட்டுக் குழு ஒன்று தோன்றி ஆண்டுக் கூட்டங்களைத் தொடங்கியது. பிரிட்டனில் நிலைமை விசித்திரமானது. எம்.ஐ.6 என்ற உளவு அமைப்பு இருக்கிறது என்பதையே அரசு 1992 வரை ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத ஒன்றின் வரலாற்றை அறிஞர்கள் அதுவரை காலமுறைப்படி விவாதித்து வந்தார்கள்.

மாநாடு என்பது தெரிந்ததைப் பேசும் இடம் மட்டுமல்ல, புதிதாகத் தெரியவரும் இடமும் ஆகலாம் என்று காட்டியது கியூபா. 1962 ஏவுகணை நெருக்கடியில் பங்கேற்ற அமெரிக்கர், சோவியத்துக்காரர், கியூபர் ஆகியோரை ஆவணங்களோடு ஒரே அறையில் உட்காரவைக்கும் முறையை பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிளைட்டும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்தனர். 1989 ஜனவரியில் மாஸ்கோவிலும், 1992 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோ முன்னிலையில் ஹவானாவிலும் கூடினார்கள். நெருக்கடி நேரத்தில் தீவில் இருந்த சோவியத் படையைச் சி.ஐ.ஏ. பத்தாயிரம் அளவில் மதிப்பிட்டிருந்தது. உண்மையில் நாற்பதாயிரத்துக்கு மேல். தரைப்போருக்கான சிறிய அணு ஆயுதங்களும் அங்கே இருந்தன என்று ஹவானாவில் ஜெனரல் அனதோலி கிரிப்கோவ் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாராவும் ஒருவர். அவருடைய தளபதிகள் அந்தத் தீவின்மீது படையெடுக்கத்தான் வற்புறுத்தியிருந்தார்கள். ஓர் உளவுத் தவற்றின் முழு அளவு முப்பது ஆண்டு கழித்து ஒரு கருத்தரங்கில் தெரியவந்தது.

பனிப்போர் முடிந்தபின் சி.ஐ.ஏ. தானே மாநாடு கூட்டத் தொடங்கியது. அதன் வரலாற்று மையம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கட்டுக் கோப்புகளை விடுவித்து நூலாக்கித் தரும். 1992 அக்டோபரில் கியூபா. 1995 மே மாதத்தில், 1960 முதல் 1972 வரை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள். 2001-ல் பிரின்ஸ்டனில் சோவியத் ஒன்றியத்தைப் பற்றிய மதிப்பீடுகள். எந்தக் கட்டை அவிழ்ப்பது என்பதை நிறுவனமே முடிவுசெய்தது என்பதால், வெற்றிக் கதைகளுக்கு மேடை எளிதில் கிடைத்தது. இருந்தாலும் ஆவணம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், அதை எப்படி வாசிப்பது என்பது வரலாற்றாசிரியர் கையில்தான் இருந்தது.

1996 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த வெனோனா மாநாடு எதிருளவு ஆய்வுக்கு முக்கியமானது. வெனோனா என்பது சோவியத் தூதரகத் தந்திகளை உடைக்கும் அமெரிக்கத் திட்டம், அது 1943-ல் தொடங்கி 1980 வரை நீடித்தது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சங்கேதத் தாள்களைப் போர்க்கால அவசரத்தில் சோவியத்துக்காரர்கள் இரட்டையாக அச்சடித்துவிட்டதே அதற்குப் பிடிகொடுத்தது. சுமார் 3,000 செய்திகள் 1995 முதல் வெளியாயின. சோவியத்துக்கு உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ரோசன்பர்க் தம்பதி, ஆல்ஜர் ஹிஸ் ஆகியோரின் வழக்குகள் மறுபடி சூடுபிடித்தன. திட்டத்தின் ரகசியம், பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் இருந்த சோவியத் ஒற்றர் கிம் ஃபில்பி போன்றோர் வழியாக மாஸ்கோவுக்கு 1940களின் இறுதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எதிரிக்கு எட்டிய செய்தி சொந்த நாட்டு வரலாற்றாசிரியர்களுக்கு எட்ட இன்னும் நாற்பத்தைந்து ஆண்டு ஆயிற்று.

1999 செப்டம்பரில் பெர்லினில் நடந்த கூட்டத்துக்கு இடமே பொருளாக அமைந்தது. நகரின் போர் இடிபாடுகளைக் கொட்டி எழுப்பிய டாய்ஃபெல்ஸ்பெர்க் குன்றில், கிழக்கை ஒட்டுக்கேட்க அமெரிக்கர்கள் கட்டிய நிலையம் கைவிடப்பட்டு நின்றது. அங்கே எதிரெதிர் அணிகளின் முன்னாள் அதிகாரிகள் சந்தித்தார்கள். 1955-56-ல் சோவியத் தொலைபேசி வடங்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்ட சுரங்கம் தவிர்க்க முடியாத பேச்சு. தோண்டும் முன்பே, சோவியத்துக்கு வேலை பார்த்த பிரிட்டிஷ் உளவதிகாரி ஜார்ஜ் பிளேக் அதைக் காட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஆளைக் காப்பாற்றுவதற்காகவே கே.ஜி.பி. பதினொரு மாதம் பேசாமல் இருந்தது.

இத்தகைய கூட்டங்களுக்கெனச் சில நடைமுறைகளும் உருவாயின. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று சொல்லக் கூடாது என்ற சாதம் ஹவுஸ் விதி 1927-ல் லண்டனில் வகுக்கப்பட்டது. உளவு அமர்வுகளில் பலவும் அதன்படியே நடக்கின்றன. மேற்கோளுக்குப் பெயர் வேண்டும் என்னும் ஆய்வு ஒழுங்குக்கு அது நேர் எதிர். முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி தம் கட்டுரையை முன்கூட்டியே தணிக்கைக்குக் காட்டவேண்டும். அந்தக் கடமையை ஃபிராங்க் ஸ்னெப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-ல் உறுதிசெய்தது.

இந்தியாவில் மேடை இன்னும் சிறியது. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம், கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் தில்லிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்து, இரண்டு உலகையும் இணைத்த அபூர்வமான ஆள். 2010-ல் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவில் குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரி, உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்துக்குப் பதில்சொல்ல வேண்டும் என்று பேசினார். வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வை உருவாக்கிய காவின் பெயரில், அந்த அமைப்பின் ஆட்கள் முன்னிலையிலேயே அது சொல்லப்பட்டது.

ஆய்வு மேடைக்குள்ளேயே உளவு நுழைகிறதோ என்ற ஐயம் பிறகும் எழுந்தது. கேம்பிரிட்ஜில் கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூவின் வாராந்திரக் கருத்தரங்கம் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் கூடிவந்தது. 2016 டிசம்பரில் அதன் அமைப்பாளர்களில் மூவர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் எம்.ஐ.6 முன்னாள் தலைவர் ரிச்சர்ட் டியர்லவ். ஒரு புதிய ஆய்விதழ்ப் பதிப்பாளர் வழியாக ரஷ்யச் செல்வாக்கு கருத்தரங்கத்துக்குள் நுழைகிறது என்ற ஐயமே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. பதிப்பாளர் மறுத்தார், ஐயம் நிறுவப்படவில்லை. விலகிய மற்றொருவர் ஸ்டீபன் ஹால்பர். அதே 2016-ல் அமெரிக்கத் தேர்தல் விசாரணையில் எஃப்.பி.ஐ.க்கு மறைவாகத் தகவல் தந்தவர் அவர்தான் என்ற செய்தி 2018 மே மாதம் அமெரிக்க நாளிதழ்களில் வந்தது.