பிக்சர் டியூப் தொலைக்காட்சியின் படச் சீர்கேடுகள்: சித்தூர், திருப்பதி வட்டாரம்

பிக்சர் டியூப் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் சாய்வது, ஒரு பக்கமாக ஒதுங்குவது, மேலோ கீழோ சுருங்குவது, ஓரங்கள் வளைவது, நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தெரிவது ஆகியவற்றைப் படச் சீர்கேடுகள் என்பர். டியூபின் கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றையை யோக் எனும் செப்புச் சுருள் இடமும் வலமும், மேலும் கீழுமாக வளைத்துத் திரை முழுவதும் கோடு கோடாக ஓட்டுகிறது. இந்தியா பின்பற்றிய பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆக, கற்றை நொடிக்கு 15,625 முறை திரையின் குறுக்கே ஓடியாக வேண்டும். இந்த ஓட்டம் எங்கே பிசகுகிறதோ அதற்கேற்ற வடிவத்தில் படமும் பிசகும். எனவே வடிவத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பின்மூடியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதைத் தனியாக எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. பெட்டிக்குள்ளே ஒரு பழுதும் இல்லாமல், மலையாலும் புவிகாந்தத்தாலும் ஒளிபரப்பு வந்துசேரும் வழியாலும் படம் கெடுவதை இங்கே விளக்கமாகக் காட்ட முடியும்.

வட்டாரமும் ஒளிபரப்பும்

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணியும் அதில் அடங்கியிருந்தது. 1960-இல்தான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்தப் பகுதிக்கு மிக அருகில் இருந்த தொலைக்காட்சி நிலையம் சென்னைதான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையிலும், 1977 அக்டோபர் 23 அன்று ஐதராபாத்திலும் தூர்தர்ஷன் நிலையங்கள் தொடங்கின. நேர்க்கோட்டில் அளந்தால் திருப்பதியிலிருந்து சென்னை 110 கிலோமீட்டர் அளவுதான். ஐதராபாத் அதைப்போல நான்கு மடங்கு தொலைவு. சென்னை அலையைப் பிடிக்கத் திருப்பதியில் ஆன்டனாவைத் தென்கிழக்கு நோக்கியும், சித்தூரில் ஏறக்குறைய நேர் கிழக்காகவும் திருப்ப வேண்டும்.

வண்ண ஒளிபரப்பு 1982-இல் வந்தது. நாடு வண்ணத்துக்குத் தாமதமாக வந்ததில் மெக்கானிக்குகளுக்கு ஒரு நன்மை கிடைத்தது. மேலைநாடுகளின் முதல் தலைமுறை வண்ண டியூப்களில் மூன்று எலக்ட்ரான் கன்கள் முக்கோணமாக அமைந்திருந்தன. அவற்றின் கற்றைகளைத் திரை முழுவதும் ஒருங்கே சேர்க்க ஏகப்பட்ட பிரிசெட்டுகளைத் திருக வேண்டியிருந்தது. கன்கள் ஒரே வரிசையில் அமைந்த, யோக்கின் காந்தப்புலமே மூன்றையும் சேர்த்துவிடும் டியூபை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1972 வாக்கில் கொண்டுவந்தது. இந்திய வீடுகளுக்குள் நுழைந்த வண்ணப் பெட்டிகள் அநேகமாக எல்லாமே இந்த வகை.

முதலில் பெட்டிக்கு வெளியே

மலை தரும் கோளாறு படச் சீர்கேடே அல்ல. ஆனாலும் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் வலப்பக்கத்தில் அதே உருவம் மங்கலாக இன்னொரு முறை தெரியும். இதற்காக யோக்கைத் திருப்பினால் இருந்த சீரும் போய்விடும். ஆன்டனாவுக்கு நேரே வரும் அலையோடு, மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் தெரியும் நிழல் உருவம் இது. தாமதத்தைத் திரையிலேயே அளந்துவிடலாம். ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோநொடி. 20 அங்குலத் திரையின் அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர். அந்த நேரத்தில் அலை 300 மீட்டர் கடந்திருக்கும். திருப்பதியின் வடக்கே சேஷாசலத்தின் செங்குத்துச் சரிவிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில், போய்த் திரும்பும் கூடுதல் பாதை 2 கிலோமீட்டரை நெருங்கலாம். அப்போது நிழல் உருவம் 5 சென்டிமீட்டர் தள்ளி விழும். சென்னையை நோக்கிய ஆன்டனாவுக்கு மலை முதுகுப்பக்கம் இருப்பதால், பின்னாலிருந்து வரும் அலையை நன்றாக ஒதுக்கும் பல கம்பி ஆன்டனாதான் இதற்கு மருந்து. பூஸ்டர் போட்டால் நேரலையோடு நிழலும் சேர்ந்து பெருகும்.

கேபிளும் செட்டாப் பெட்டியும் வந்தபின் நிழல் உருவம் மறைந்து, வேறொரு குழப்பம் வந்தது. நிகழ்ச்சிகள் 16:9 அகலத்தில் தயாராகின்றன, டியூப் திரையோ 4:3. செட்டாப் பெட்டியின் மெனுவில் திரை விகிதம் தவறாக இருந்தால் முகங்கள் நீளமாக ஒடுங்கும், அல்லது இரு ஓரங்களும் வெட்டுப்படும். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய எஸ்.வி.பி.சி. அலைவரிசையில் அடிவரி எழுத்துகள் பாதி மறைகின்றன என்று ஒருவர் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இந்த மெனுவைத்தான். அதன் பிறகும் மறைந்தால், பெட்டிகள் படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வரைவதே வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஓரத்திலும் சில விழுக்காடு மறைவது பழுதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த டிஸ்க் பிளேயரை மாட்டியதும் படம் உருண்டாலோ உயரம் மாறினாலோ அது 60 ஹெர்ட்ஸ் படமாக இருக்கக்கூடும். பிளேயரைப் பால் முறைக்கு மாற்றினால் போதும்.

புவிகாந்தமும் பெட்டி பார்க்கும் திசையும்

எலக்ட்ரான் கற்றை காந்தத்துக்கு வளையும் என்பதால்தான் யோக் வேலை செய்கிறது. அதே காரணத்தால் பூமியின் காந்தமும் கற்றையை இழுக்கும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதால் சித்தூரிலும் திருப்பதியிலும் புவிகாந்தம் ஏறக்குறைய தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. வலிமை சுமார் 0.4 காஸ். டெல்லியில் அது 40 டிகிரிக்கும் மேல் பூமிக்குள் சாய்ந்திருக்கும். ஐரோப்பாவில் இன்னும் செங்குத்தாக இறங்கும்.

பெட்டி பார்க்கும் திசைக்கேற்ப இதன் விளைவு படத்தில் தெரியும். பெட்டி கிழக்கோ மேற்கோ பார்த்து நின்றால் கற்றை காந்தத்துக்குக் குறுக்காகப் பாய்கிறது. படம் முழுவதும் சற்றே மேலோ கீழோ நகரும். வண்ண டியூபின் பாஸ்பரப் பட்டைகள் செங்குத்தாக இருப்பதால் இந்த நகர்வு நிறத்தைக் கெடுக்காது. வடக்கோ தெற்கோ பார்த்து நின்றால் கற்றை காந்தத்தின் போக்கிலேயே செல்கிறது. படம் முழுவதும் சுழன்று சாயும். 20 அங்குல டியூபில் காந்தக் கவசமே இல்லையென்று வைத்துக் கணக்கிட்டால் சாய்வு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. திரையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 5 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். உள்ளே இருக்கும் இரும்புக் கவசம் இதில் ஒரு பகுதியைத் தடுத்தாலும், முன்முகம் திறந்தே இருப்பதால் அச்சுவழி வரும் காந்தத்தை முழுதாகத் தடுக்க முடிவதில்லை. வடக்குப் பார்த்த பெட்டியைத் தெற்குப் பார்க்க வைத்தால் சாய்வு எதிர்ப்பக்கம் மாறும், அதாவது மாற்றம் இருமடங்கு. 29 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் இந்தச் சாய்வை ஈடுகட்டத் தனிச் சுருளும் மெனுவில் அதற்கொரு இடமும் வைத்திருப்பார்கள்.

வீடு மாறியபின், அல்லது ஷோகேஸை வேறு சுவருக்கு மாற்றியபின் படம் சாய்ந்தால் யோக்கில் கை வைக்க வேண்டாம். பெட்டியைப் பழைய திசைக்குத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. புதிய இடத்தில்தான் நிற்கப்போகிறது என்று உறுதியானால், அந்தத் திசையில் வைத்தே யோக்கைச் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்கின் மேசையில் ஒரு திசையில் வைத்துச் சீராக்கிய பெட்டி, வீட்டில் வேறு திசையில் நின்றதும் சாய்வதும் இதனால்தான்.

மூலைகளில் பச்சையோ ஊதாவோ படர்ந்தால் திரைக்குப் பின்னுள்ள முகமூடித் தகடு காந்தமேறியிருக்கிறது. அருகில் கவசமில்லாத ஸ்பீக்கர் இருந்தால் அதை அகற்ற வேண்டும். பிறகு பெட்டியை மெயின் ஸ்விட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் போட்டால் உள்ளிருக்கும் டிகாஸிங் (காந்தம் நீக்கும்) காயில் ‘ம்ம்’ என்ற ஒலியோடு ஒருமுறை வேலை செய்யும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஒலியே வரவில்லையென்றால் பெரும்பாலும் அந்தக் காயிலுக்கு மின்சாரம் விடும் போஸிஸ்டர் எனும் சிறு உறுப்பு போயிருக்கும். வெப்பத்தில் அது உள்ளுக்குள் உடைந்து கிலுகிலுக்கும்.

பெட்டிக்குள்ளே

மூடியைத் திறப்பது பயிற்சி உள்ளவர் வேலை. வண்ண டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அதைத் தேக்கி வைத்திருக்கும். பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரும் அப்படியே. சேசிஸின் ஒரு பகுதி நேரடியாக மின்கம்பியோடு சேர்ந்திருப்பதால் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடக்கூடாது. டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. யோக்கை முரட்டுத்தனமாக அசைத்தால் விரிசல் விட்டுக் காற்று புகுந்து, டியூப் அத்தோடு முடிந்தது.

திரையின் நடுவே ஒற்றைக் கிடைக்கோடு மட்டும் ஒளிர்ந்தால் வெர்டிகல் பகுதி நின்றுவிட்டது. உடனே பிரைட்னெஸைக் குறைக்க வேண்டும், இல்லையேல் அந்தக் கோடு பாஸ்பரில் தழும்பாகிவிடும். வெர்டிகல் ஐசியின் கால்களிலும் யோக் பிளக்கிலும் டிரை சோல்டர் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது முதல் வேலை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஹீட்சிங்க்கை ஒட்டிய ஈயம் சூடாகிச் சூடாகி வளையமாக வெடித்துவிடும். மறுபடி பற்றவைத்தாலே பல பெட்டிகள் உயிர்பெறும். ஐசியை முதலில் மாற்றுவது வாடிக்கையாளருக்கு வீண் செலவு.

படத்தின் மேற்பகுதி மடிந்து கோடுகள் நெருங்கினாலும், கீழ்ப்பகுதி இழுத்துக்கொண்டாலும் அதே பகுதியின் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் வற்றியிருக்கும். ஹைட் பிரிசெட்டைத் திருகிச் சரிக்கட்டினால் சில வாரம் ஓடும். பழுது அங்கேயேதான் இருக்கும். படம் நான்கு பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் பவர் சப்ளையின் முக்கிய வோல்டேஜ் குறைந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் மாலை நேர லோ வோல்டேஜே இதைச் செய்துவிடும். ஸ்டெபிலைசர் வீட்டுக்கு வீடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓரங்கள் பாம்புபோல நெளிந்து மெல்ல ஏறினால் பெரிய பில்டர் கண்டன்சரை மாற்ற வேண்டும். வெளிச்சக் காட்சி வரும்போதெல்லாம் படம் ஊதிப் பெருத்தால் உயரழுத்தம் தளர்கிறது. பிளைபேக் பக்கம் பார்க்க வேண்டும்.

படம் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிச் சரிவகமாகத் தெரிந்தால் யோக் சுருளின் ஒரு பாதியில் சுற்றுகள் எரிந்து ஒட்டிக்கொண்டன என்று பொருள். பிரிசெட்டுகள் எதுவும் இதைத் திருத்தாது. இடவல ஓரங்கள் உள்ளே குழிந்து, அகலமும் கூடியிருந்தால் 29 அங்குலப் பெட்டிகளில் கிழக்கு–மேற்குத் திருத்தச் சுற்றின் டிரான்சிஸ்டர், டயோடு, கண்டன்சர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சிறிய பெட்டிகளில் அந்தச் சுற்றே கிடையாது. 2006 முதல் 2011 வரை எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகள் போன்றவற்றில் ஓரத்தை நேராக்குவது யோக்கின் சுருள் வடிவமேதான். அவற்றில் ஓரம் கோணினால் யோக்கைத் தாங்கும் ரப்பர் வெட்ஜ்கள் பசை காய்ந்து உதிர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். வெட்ஜ் விழுந்த பெட்டியில் எழுத்துகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக ஓரம் கட்டும்.

அந்த நிற விலகல் திரையின் நடுவிலும் இருந்தால் கழுத்திலுள்ள காந்த வளையங்கள் நகர்ந்திருக்கும். நிறத்தூய்மைக்கு ஒரு ஜோடி, சிவப்பையும் நீலத்தையும் சேர்க்க ஒரு ஜோடி, சேர்ந்த இரண்டையும் பச்சையின் மேல் நகர்த்த ஒரு ஜோடி என மூன்று ஜோடிகள். தொழிற்சாலையில் இட்ட பெயின்ட் முத்திரை உடையாமல் இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது என்பது நல்ல விதி. தொட வேண்டியிருந்தால் பழைய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கிராஸ்ஹாட்ச் கட்டங்களைத் திரையில் வைத்து, பெட்டி இருபது நிமிடமாவது சூடான பிறகே தொட வேண்டும். பேட்டர்ன் ஜெனரேட்டர் இல்லாதவர் கட்டம் வரைந்த படத்தை டிவிடி பிளேயரில் ஓட்டலாம். ஓடும் நிகழ்ச்சியை வைத்துச் சரிசெய்ய முயல்வது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், ஏமாற்றிவிடும்.

2000-க்குப் பின் வந்த பெட்டிகளில் உயரம், அகலம், மையம் எல்லாம் சர்வீஸ் மோடில் எண்களாக இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் மாற்றக்கூடாது. நினைவகச் சிப்பில் பதிந்த பழைய மதிப்பு வேறெங்கும் இருக்காது.

இன்றைய நிலை

இதே திருப்பதிப் பக்கம், ரேணிகுண்டாவை ஒட்டிய மின்னணு உற்பத்தி வளாகங்களில், டிக்சன் நிறுவனம் எல்.இ.டி. தொலைக்காட்சிகளைத் தயாரிக்கிறது, டி.சி.எல். குழுமம் பேனல் ஆலை அமைத்திருக்கிறது. அந்தத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் அதன் இடத்தில் நிலைத்திருப்பதால் சாய்வும் வளைவும் கிடையாது. பழைய பெட்டியை வைத்திருப்பவர்களுக்குப் புதிய உதிரி யோக் கிடைப்பது அரிது. ஒரு டியூபுக்குப் பொருத்திச் சீராக்கிய யோக் இன்னொரு டியூபில் அப்படியே பொருந்தாது. கழற்றிய பெட்டியிலிருந்து எடுப்பதானால் டியூபையும் யோக்கையும் பிரிக்காமல், வளையங்கள் அசையாமல், ஒரே ஜோடியாக எடுப்பதே சரி. பயன்படாத டியூபைச் செம்புக்காக உடைப்பது ஆபத்து: கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உட்புறப் பூச்சுத் தூளும் மூச்சில் ஏறும். மின்கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இத்தகைய டியூபை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.