புளிப்பின் மூலம் எது?

சுவையால் பெயர் பெற்ற பொருள்களுள் அமிலம் ஒன்று. ‘ஆம்லம்’ என்னும் வடசொல்லுக்குப் புளிப்பு என்பது பொருள். அதன் வழி வந்ததே ‘அமிலம்’ என்னும் நம் பாடநூற் சொல். இலத்தீன் மொழியிலும் புளிப்பைக் குறிக்கும் சொல்லே அமிலத்துக்குப் பெயராயிற்று. எலுமிச்சை, காடி, புளி ஆகியவற்றின் சுவை வாயிலாகவே மாந்தர் அமிலத்தை முதலில் அறிந்தனர். புளியிட்டுத் துலக்கினால் பித்தளைக் குடத்தின் களிம்பு நீங்கும் என்று அறிந்த நம் இல்லத்துப் பெண்டிர், அமிலத்தின் செயலொன்றைப் பாடநூல் பயிலாமலே கண்டவர்கள்.

மாணவ நண்பர்களே! அமிலத்தின் இயல்புகளை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். நீல லிட்மஸ் சிவக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டை இட்டால் ஹைட்ரஜன் குமிழிட்டெழுகிறது. சலவைக்கல்லை இட்டால் கரியமில வாயு நுரைத்து வெளிப்படுகிறது. காரத்தோடு கலந்தால் உப்பும் நீரும் விளைகின்றன. இந்நான்கையும் மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் வெவ்வேறு இடங்களிற் பிறந்த இத்தனை பொருள்களும் ஒரே வகையாக நடந்துகொள்வது ஏன்? இவ்வொரு வினாவுக்கு விடை காண அறிஞர் உலகம் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தது. அவ்வரலாற்றையே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

நாவைக் கருவியாகக் கொள்வது உயிருக்கே இடராக முடியும். இங்கிலாந்தில் இராபர்ட் பாயில் என்னும் அறிஞர் 1664-ஆம் ஆண்டில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊதாநிற வயலெட் மலரின் சாற்றை அமிலம் சிவப்பாக்குகிறது, காரம் பச்சையாக்குகிறது என்று அந்நூலில் அவர் காட்டினார். நாக்கு செய்த வேலையை இனிக் கண் செய்யலாம் என்றாயிற்று. எனினும், அமிலத்தை இனங்காண வழி பிறந்ததேயன்றி, அமிலத்தை அமிலமாக்குவது எது என்பது விளங்கவில்லை.

அதற்கு விடை கூற முன்வந்தவர் பாரிஸ் நகரத்து லவாய்சியர். அவர் 1772-ஆம் ஆண்டில் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து, எரிந்த பின் அவற்றின் எடை கூடுவதைக் கண்டார். காற்றின் ஒரு பகுதி அவற்றோடு சேர்வதே இதற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிந்தார். எரிந்து கிடைத்த பொருளை நீரிற் கரைத்தால் அமிலம் கிடைத்தது. கரியை எரித்தாலும் அவ்வாறே. ஆகவே, எல்லா அமிலங்களுக்கும் மூலம் இக்காற்றுப் பகுதியே என்று துணிந்து, அதற்கு ‘ஆக்ஸிஜன்’ என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் இதன் பொருள் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்பதாகும்.

கொள்கை அழகியது, ஆனால் ஓரிடத்தில் இடறியது. சமையல் உப்பிலிருந்து கிடைத்த ‘மூரியாட்டிக்’ அமிலத்திலிருந்து, அதாவது இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எனக் கூறுவதிலிருந்து, ஒருவராலும் ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்க இயலவில்லை. அதிலும் ஆக்ஸிஜன் உண்டு, அதனோடு கூடியிருக்கும் பொருள்தான் இன்னும் அகப்படவில்லை என்று லவாய்சியர் நம்பினார். 1789-இல் அவர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில், எவரும் கண்டிராத அப்பொருளுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். சுவீடன் நாட்டு ஷீலே இவ்வமிலத்தை மாங்கனீசு டையாக்ஸைடோடு சூடாக்கிப் பசுமஞ்சள் நிற வாயு ஒன்றை 1774-லேயே பெற்றிருந்தார். அமிலத்தோடு மேலும் ஆக்ஸிஜன் சேர்ந்ததே அவ்வாயு எனப் பெர்த்தோலே 1785-இல் விளக்கம் தந்தார். கொள்கையைக் காக்க இவ்விளக்கம் பயன்பட்டது.

இந்நிலையில் ஹம்ப்ரி டேவி தோன்றினார். கார்ன்வால் பகுதியில் மரச் சிற்பி ஒருவரின் மகனாக 1778-இல் பிறந்த இவர், இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றினார். 1807-ஆம் ஆண்டில் மின்சாரத்தின் துணையால் காரங்களைப் பகுத்துப் பொட்டாசியம், சோடியம் என்னும் உலோகங்களைப் பிரித்தார். அக்காரங்களில் உலோகத்தோடு கூடியிருந்தது யாது? ஆக்ஸிஜனே! புளிப்பின் தந்தை எனப்பட்ட பொருள், புளிப்பின் பகையான காரத்திலும் குடியிருந்தது.

அடுத்து அந்தப் பசுமஞ்சள் வாயுவை ஆராய்ந்தார். ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதில் பழுக்கக் காய்ந்த கரி மிக வல்லது. வாயுவில் ஆக்ஸிஜன் இருந்தால் கரி அதனைக் கவர்ந்து கரியமில வாயுவாதல் வேண்டும். டேவி கரியை வெண்சூடாகக் காய்ச்சிப் பார்த்தும் அவ்வாறு நிகழவில்லை. எந்த வழியாலும் பகுக்க முடியாத பொருளைத் தனிமம் என்றே கொள்க என்பது லவாய்சியர் வகுத்த விதி. அவ்விதியையே கைக்கொண்டு, இவ்வாயு ஒரு தனிமம் என 1810-இல் டேவி அறிவித்து, நிறத்தால் அதற்குக் ‘குளோரின்’ என்று பெயரிட்டார். மூரியாட்டிக் அமிலத்தில் இருப்பவை ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே. ஆக்ஸிஜனுக்கு அங்கே இடமில்லை. லவாய்சியரின் கொள்கையை லவாய்சியரின் முறையே வீழ்த்தியது. 1794-இல் கொலைக்களத்தில் தலை துணிக்கப்பட்ட அப்பேரறிஞர் இதனைக் காண இல்லை. அவர் கொள்கையில் ஊறிய பெர்சீலியஸ் போன்றோர் பல ஆண்டுகள் இதனை ஏற்க மறுத்தனர்.

அமிலத்துக்கு இன்றியமையாதது ஹைட்ரஜன் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. உலோகம் வந்து இடம்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜனை உடையதே அமிலம் என்று ஜெர்மானியர் லீபிக் 1838-இல் வரையறுத்தார். உங்கள் சோதனைக் குழாயில் துத்தநாகம் ஹைட்ரஜனை வெளியேற்றுவதன் பொருள் இதுவே. பின்னர் சுவீடனில் அர்ரீனியஸ் என்னும் இளைஞர், நீரிற் கரைந்த உப்புகளும் அமிலங்களும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றன என்னும் கருத்துக்கு 1884-இல் தம் ஆய்வேட்டில் வித்திட்டார். உப்சாலாப் பல்கலைக்கழகம் அவ்வேட்டுக்குத் தாழ்ந்த மதிப்பே அளித்தது; 1903-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது! லிட்மஸ் சிவப்பதும், துத்தநாகம் கரைவதும், சலவைக்கல் நுரைப்பதும் ஹைட்ரஜன் அயனியின் செயல்களே. கந்தக அமிலம் நீரில் பெரிதும் அயனிகளாகப் பிரிகிறது, ஆதலின் வலியது. காடியின் அமிலம் சிறிதளவே பிரிகிறது; ஆதலின் மெலியது. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு உலர்ந்த லிட்மஸ் தாளைச் சிவக்கச் செய்யாததும் இதனாலேயே.

அர்ரீனியஸின் கொள்கையும் முடிந்த முடிபு அன்று. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் அம்மோனியா வாயுவும் நீரின் துணையின்றியே கூடி வெண்புகையாக உப்பைத் தருகின்றன. இதனையும் தழுவுமாறு, புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம் என்று டென்மார்க்கில் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தில் லௌரியும் 1923-இல் தனித்தனியே கூறினர்.

ஆக்ஸிஜன் என்னும் பெயரோ மாறவில்லை. தன் பொருள் பிழையாகிப் போன பின்னும் உலகெங்கும் வழங்குகிறது. நம் மொழியின் ‘பிராணவாயு’ அப்பிழையைச் சுமக்கவில்லை. எனினும் அப்பெயரை நான் இழிவாகக் கருதேன். எடைபோட்டுப் பார்த்து உண்மை தேடிய ஒருவர் தம் சான்றுக்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைத்தார் என்பதற்கும், அவர் விட்டுச் சென்ற தராசே அவ்வடியைத் திருத்தியது என்பதற்கும் அது நின்று நிலவும் சான்று. அடுத்த முறை நீல லிட்மஸ் உங்கள் கையில் சிவக்கும்போது, பாடநூலின் அந்த ஒரு வரிக்குப் பின்னே இத்தனை பேருடைய உழைப்பும் வழக்கும் உள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள்.