அணுக்கரு பாய்ந்த வரலாறு

அணுக்கருவும் நீர்போல் பாயுமோ? இரு கருக்கள் பெருவேகத்தில் மோதினால், அவற்றின் துகள்கள் கோலிக்குண்டுகள்போல் தனித்தனியே சிதறுமா, அன்றி ஒரே பெருக்காய் விரியுமா? இவ்வினாவின் வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

மோதலில் பிறக்கும் துகள்திரள் பாய்மம்போல் விரியும் என்று சோவியத் அறிஞர் லாந்தாவ் 1953-இல் கருதினார். மோதும் கருக்களில் அதிர்ச்சி அலை எழும் என்று பிராங்பர்ட் நகரத்து வால்டர் கிரைனரும் அவர்தம் குழுவினரும் 1974-இல் உரைத்தனர். ஆயினும் ஐயம் தீரச் சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று 1984-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிட்டிற்று. பெவலாக் முடுக்கியில், 'பிளாஸ்டிக் பால்' என்னும் கருவியைக் கொண்டு, ஒவ்வொரு மோதலிலும் வெளிப்பட்ட துகள்களை அமெரிக்க, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஒருசேர அளந்தனர். 40 துகள் கொண்ட கால்சியக் கருக்களில் பாய்ச்சல் தெளிவுறவில்லை. 93 துகள் கொண்ட நியோபியக் கருக்களிலோ, துகள்கள் மோதிய அச்சினின்று விலகி, ஒன்றுகூடிச் சாய்ந்து பாய்ந்தன. கூட்டம் பெரிதானாலன்றிப் பெருக்கு புலனாகாது என்பது விளங்கிற்று.

2005-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம், தங்கக் கருக்களின் மோதலில் பிறந்த பொருள் ஏறத்தாழக் குறையற்ற பாய்மமே என அறிவித்தது. அங்குள்ள 'ஸ்டார்' சோதனைக்கு ஒளித்துகள் அளவியொன்றை அமைத்ததில் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்தார்க்கும் பங்குண்டு.

இஃது ஆய்வுக்கூட வியப்பு மட்டுமன்று. நியூட்ரான் விண்மீன் எத்துணை அழுத்தம் தாங்கும் என்பதை நமக்கு உணர்த்தும் அளவுகோல்களுள் இப்பாய்ச்சலும் ஒன்றாகும்.