நிமோனியா தடுப்பூசியின் வரலாறு

நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியைப் பல கிருமிகள் உண்டாக்குகின்றன. அவற்றுள் முக்கியமானது நிமோகாக்கஸ். இதற்கு எதிரான தடுப்பூசியை 1911இல் ஆல்ம்ராத் ரைட் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சோதித்தார். பெரிய பலன் கிட்டவில்லை. இக்கிருமியில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கான ஊசி மற்றொன்றைத் தடுக்காது.

1940களில் ஆறு வகைகளுக்கான தடுப்பூசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் பென்சிலினும் பரவியது. மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு என்று மருத்துவர்களே கருதியதால், வாங்குவாரின்றித் தயாரிப்பு நின்றுபோனது.

இதை ஏற்காதவர் ராபர்ட் ஆஸ்திரியன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனை ஒன்றில் அவர் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்தார். நோய் கண்ட முதல் ஐந்து நாட்களுக்குள் நேரும் இறப்புகளைப் பென்சிலின் ஏறக்குறைய குறைக்கவே இல்லை என்பதை 1964இல் ஜெரோம் கோல்டுடன் சேர்ந்து வெளியிட்டார். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மீண்டும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சோதனை நடந்தது. 1977இல் 14 வகைகளுக்கும், 1983இல் 23 வகைகளுக்கும் தடுப்பூசி வந்தது.

இவை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சரியாக வேலை செய்யவில்லை. கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்துடன் இணைத்த ஊசி 2000இல் அக்குறையைத் தீர்த்தது. இந்தியாவில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடெங்கும் இது விரிவாக்கப்பட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதியோர், நீரிழிவு, இதய, நுரையீரல் நோயுள்ளோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கும் இது தேவை. அவர்கள் அத்திட்டத்தில் இல்லை. மருத்துவரைக் கேட்டுத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.